செல்லப்பிராணி கேள்வி–பதில்: முயலுக்குக் காய்ச்சலா, குளிரா?

வெக்கை தொடங்கியதும் குமரி மாவட்டத்து வாசகர்கள் பலரிடமிருந்து ஒரே மாதிரியான கேள்வி வந்திருக்கிறது. முயலோ கினிப்பன்றியோ சோர்ந்து கிடக்கிறது, சூடு பார்க்கப் போனால் பயந்து துள்ளுகிறது, என்ன செய்வது என்று. அந்தக் கடிதங்களை இந்த இதழில் ஒன்றாக எடுத்துக்கொண்டிருக்கிறோம்.

கொரோனா காலத்தில் வாங்கிய, நெற்றிக்கு நேரே பிடிக்கிற தெர்மாமீட்டர் வீட்டில் இருக்கிறது. அதை எங்கள் முயலின் முதுகில் பிடித்தால் 'லோ' என்று காட்டுகிறது. காதுக்கு நேரே பிடித்தால் ஒரு தடவை 97, அடுத்த தடவை 94. எதை நம்புவது?
— வாசகி, மார்த்தாண்டம்

இரண்டையும் நம்ப வேண்டாம். கருவியில் கோளாறு இல்லை, ஆனால் அது மனித நெற்றிக்காகச் செய்தது. தோலிலிருந்து வரும் அகச்சிவப்புக் கதிரை அளந்து, மனித உடம்புக்கென்று வகுத்த ஒரு கணக்கையும் சேர்த்துத்தான் எண்ணைக் காட்டும். முயலின் முதுகில் அது பார்ப்பது தோலைக்கூட அல்ல, ரோமத்தின் நுனியை. உள்ளே இருக்கிற சூட்டை வெளியே விடாமல் வைப்பதுதான் ரோமத்தின் வேலை என்பதால், நுனி ஏறக்குறைய அறையின் சூட்டில்தான் இருக்கும். இந்தக் கருவிகளில் பெரும்பாலானவை 32 டிகிரி செல்சியஸுக்குக் கீழே எண் காட்டாது, 'லோ' என்று நின்றுவிடும்.

காதில் எண் மாறியதற்குக் காரணம் முயலிடமே இருக்கிறது. முயலுக்கு வேர்த்துக் குளிர வழியில்லை. நாயைப் போல இரைத்தும் பெரிய பலன் இல்லை. உடம்புச் சூட்டை வெளியேற்ற அதற்கு வாய்த்த பெரிய வழி காதுதான். புழுக்கமான மதியத்தில் காதின் ரத்தக்குழாய்கள் விரியும். சன்னல் வெளிச்சத்துக்கு எதிரே பார்த்தால் சிவப்புக் கோடுகள் பருத்துத் தெரியும். சாரல் காற்றில் அதே குழாய்கள் சுருங்கும். பயந்தாலும் சுருங்கும். முதல் தடவை கருவியை நீட்டியபோது முயல் பயந்திருக்கும், காதுக்கு ரத்தம் குறைந்திருக்கும், அடுத்த தடவை எண் இறங்கியிருக்கும். உடம்பின் உள்சூட்டில் இந்த நேரத்தில் ஒரு மாற்றமும் இல்லாமலே இது நடக்கும்.

கருவியைத் தூக்கி எறிய வேண்டாம். 'பாடி', 'சர்ஃபேஸ்' என்று இரண்டு நிலை இருந்தால் 'சர்ஃபேஸ்' நிலைக்கு மாற்றுங்கள், அப்போது மனிதக் கணக்கு சேராது. கூண்டின் தரை, கூரைத் தகடு, தண்ணீர்க் கிண்ணம் இவற்றின் சூட்டைப் பார்க்க அது மிக நல்ல கருவி. எலக்ட்ரிக்கல் கடைகளில் கிடைக்கிற துப்பாக்கி வடிவக் கருவியும் இதே வகைதான். அதில் 12:1 என்று எழுதியிருந்தால், 12 செ.மீ. தள்ளிப் பிடிக்கும்போது 1 செ.மீ. அகலமுள்ள வட்டத்தையும், 60 செ.மீ. தள்ளிப் பிடிக்கும்போது 5 செ.மீ. அகல வட்டத்தையும் அது சராசரியாகப் பார்க்கிறது என்று பொருள். சிவப்புப் புள்ளி அந்த வட்டத்தின் நடுவைக் காட்டுகிறது, அவ்வளவுதான். அந்த லேசர் பிராணியின் கண்ணில் படவே கூடாது.

மனிதர் காதுக்குள் வைக்கும் தெர்மாமீட்டரும் முயலுக்கு ஆகாது. முயலின் காதுக்குழாய் நேராக இறங்கி, பிறகு வளைந்து போகும். கருவிக்குச் செவிப்பறை தெரியாது, குழாயின் சுவரும் ரோமமும்தான் தெரியும்.

ஆசனவாயில் வைத்துப் பார்ப்பதுதான் சரி என்று சொல்கிறார்கள். வைக்கப் போனாலே பின்னங்காலால் உதைக்கிறது. பிடிக்கத் தெரியாமல் முதுகு ஒடிந்துவிடுமோ என்று பயமாக இருக்கிறது. முறையைச் சொல்லித் தாருங்கள்.
— பள்ளி ஆசிரியை, தக்கலை

உங்கள் பயம் நியாயமானது. முயலின் எலும்பெல்லாம் சேர்ந்தாலும் உடல் எடையில் சுமார் 8 சதவீதம்தான் வரும். பூனைக்கு 12, 13 சதவீதம். இவ்வளவு லேசான எலும்பின் மேல் அவ்வளவு பலமான தொடைத்தசை. பின்பாகத்துக்குத் தாங்கல் இல்லாமல் அந்தரத்தில் உதைத்தால் தன் பலத்தாலேயே இடுப்புப் பக்கத்து முதுகெலும்பை ஒடித்துக்கொள்ளும். அதனால் தூக்கிப் பிடித்துக்கொண்டு சூடு பார்க்கவே கூடாது. மல்லாக்கப் போட்டால் அசையாமல் கிடக்கிறதே என்று சிலர் அப்படிப் பார்க்கிறார்கள். அது தூக்கமோ சுகமோ இல்லை, பிடிபட்ட இரை உறைந்துபோகிற பயம். செய்யாதீர்கள்.

தெர்மாமீட்டர் டிஜிட்டலாக, முனை வளைகிற வகையாக இருக்கட்டும். கண்ணாடி வேண்டாம், உதைத்தால் உடையும், பாதரசம் சிந்தும். '10 வினாடியில்' என்று விற்கும் சில வகைகள் மனித உடம்பில் முனை சூடேறும் வேகத்தை வைத்து முடிவை ஊகித்துச் சொல்பவை. முயலிடம் அந்த ஊகம் தவறும். மெதுவாக 30 முதல் 60 வினாடி எடுத்துக்கொள்ளும் சாதாரண வகையே மேல். வாங்கியதும், ஃபிளாஸ்க்கில் கை பொறுக்கிற வெந்நீர் ஊற்றி, வீட்டில் ஏற்கெனவே இருக்கும் தெர்மாமீட்டரையும் இதையும் ஒன்றாக முக்கிப் பாருங்கள். 0.2 டிகிரி செல்சியஸுக்கு மேல் வித்தியாசம் வந்தால் இரண்டில் ஒன்று பொய் சொல்கிறது.

மேசை வேண்டாம், தரையில் உட்காருங்கள். ஜமுக்காளத்தையோ ரப்பர் மேட்டையோ விரியுங்கள். மொசைக்கிலும் டைல்ஸிலும் முயலின் கால் வழுக்கும், வழுக்குகிற முயல்தான் அதிகமாக உதைக்கும். ஒருவர் பிடிக்க, ஒருவர் வைக்க என்று இரண்டு பேர் வேண்டும். பிடிப்பவர் முயலைத் தன் உடம்போடு ஒட்டி உட்கார வைத்து, அதன் தலையைத் தன் முழங்கை மடிப்புக்குள் விட வேண்டும். கண் மறைந்தால் பாதிப் பதற்றம் அடங்கும். அந்தக் கையே முதுகின் நீளத்துக்கு மேலே படிந்திருக்கும், இன்னொரு கை பின்தொடையை உடம்போடு சேர்த்து அணைத்திருக்கும். அழுத்துவது வேறு, அணைப்பது வேறு. அதிகம் துள்ளுகிற முயலை ஒரு துவர்த்தால் (துண்டால்) கழுத்துவரை சுற்றி, பின்பாகம் மட்டும் வெளியே இருக்கும்படி வையுங்கள்.

வைப்பவர் முனையில் ஒரு சென்டிமீட்டருக்குக் குறையாமல் வாசலின் தடவ வேண்டும். வாலை இழுக்காமல், அடியில் விரல் கொடுத்து லேசாக உயர்த்துங்கள். பெண் முயலில் அவசரத்தில் தவறுவது இங்கேதான்: வாலுக்கு மிக அருகே இருப்பது ஆசனவாய், அதற்கு அடுத்து வயிற்றுப் பக்கம் இருப்பது பிறப்புறுப்பு. முனையை முதுகெலும்புக்கு இணையாக, தானே வழுக்கிப் போகிற அளவு மென்மையாக, 2 கிலோ முயலுக்கு 2 முதல் 3 செ.மீ. உள்ளே விடுங்கள். அந்த அளவை முன்கூட்டியே முனையில் ஒரு சிறு டேப் ஒட்டி அடையாளம் செய்துகொள்ளலாம். இன்று 1 செ.மீ., நாளை 3 செ.மீ. என்று வைத்தால் இரண்டு எண்ணையும் ஒப்பிட முடியாது, மேலோட்டமாக வைத்தது எப்போதும் குறைவாகவே காட்டும். தட்டுப்பட்டால் தள்ளக் கூடாது. பெரும்பாலும் புழுக்கைதான் தடுக்கும். குடல்சுவர் மெல்லியது, குத்தினால் கிழியும். வெளியே எடுத்துச் சிறிது கோணம் மாற்றுங்கள். முனை புழுக்கைக்குள் சொருகிக்கொண்டாலும் எண் குறைவாக வரும்.

'பீப்' கேட்டவுடன் எடுத்துவிடலாம். முயல் உதைத்தால் தெர்மாமீட்டரைப் பிடித்த கையும் முயலோடு சேர்ந்து நகர வேண்டும், அதற்காகவே அந்தக் கையின் சுண்டுவிரல் பக்கத்தை முயலின் பிட்டத்தில் ஊன்றி வைத்துக்கொள்ளுங்கள். 2 தடவை முயன்றும் முடியவில்லை என்றால் அன்றைக்கு விட்டுவிடுங்கள்.

இதற்கு முன் 5, 6 நாள் வெறும் ஒத்திகை நடத்தினால் வேலை பாதியாகிவிடும். ஜமுக்காளத்தில் உட்கார வைப்பது, அணைப்பது, வாலடியில் விரலால் தொடுவது, உடனே ஒரு கொத்து மல்லித்தழையோ அறுகம்புல்லோ கொடுத்து விட்டுவிடுவது. தெர்மாமீட்டர் முதன்முதலில் வருவது நோய் வந்த நாளாக இருக்கக் கூடாது. அந்தத் தெர்மாமீட்டரில் முயல் என்று எழுதி ஒட்டித் தனியாக வையுங்கள். ஒவ்வொரு முறையும் சோப்புத் தண்ணீரில் கழுவி, சர்ஜிகல் ஸ்பிரிட் நனைத்த பஞ்சால் துடையுங்கள்.

எங்கள் முயல் இரண்டு நாளாகச் சரியாகத் தின்னவில்லை. சூடு பார்த்தோம், 99.5. லேசான காய்ச்சல் என்று நினைத்துப் பாராசிட்டமால் சொட்டு மருந்து கொடுக்கலாமா என்று யோசிக்கிறோம்.
— வாசகர், குலசேகரம்

கொடுக்காதீர்கள். இது காய்ச்சல் இல்லை. இந்த இதழ் கைக்கு வரும் வரை காத்திருக்காமல் உங்களுக்குத் தனியாகப் பதில் அனுப்பிவிட்டோம். மற்றவர்களுக்காக இங்கே எழுதுகிறோம்.

மனிதருக்கு 98.6 என்பது நம் மனதில் ஊறிப்போன எண். அதனால் 99.5 என்றதும் 'லேசாகச் சுடுகிறது' என்று தோன்றும். முயலின் இயல்பான சூடு 101.3 முதல் 104 டிகிரி ஃபாரன்ஹீட், அதாவது 38.5 முதல் 40 டிகிரி செல்சியஸ். 99.5 என்பது 37.5 செல்சியஸ். முயலுக்கு அது ஆபத்தான குளிர். 100.4 ஃபாரன்ஹீட்டுக்குக் கீழே, தின்னாமலும் புழுக்கை போடாமலும் இருக்கிற முயல் என்றால் அது அன்றே மருத்துவரிடம் போக வேண்டிய நிலை. குடல் இயக்கம் நின்று, ரத்த ஓட்டம் குறைந்து, உடம்பு சூட்டைப் பிடித்துவைக்க முடியாமல் போகிற நேரம் அது. மருத்துவமனைக்கு வந்து சேரும் முயல்களில், வரும்போதே உடம்பு குளிர்ந்திருப்பவை பிழைக்கும் வாய்ப்பு வெகுவாகக் குறைகிறது என்பது ஆய்வுகளிலும் தெரிந்த விஷயம். காய்ச்சலைவிட இந்தக் குளிருக்குத்தான் முயல் வளர்ப்பவர் பயப்பட வேண்டும்.

போகும் வழியில் சூடு கொடுங்கள். தண்ணீர் பாட்டிலில் மணிக்கட்டு பொறுக்கிற வெந்நீர் ஊற்றி, துணியில் இரண்டு சுற்றுச் சுற்றி, உடம்பின் ஒரு பக்கம் மட்டும் வையுங்கள். சோர்ந்த முயலால் சூட்டை விட்டு நகர முடியாது, அதனால் 10 நிமிடத்துக்கு ஒரு முறை நீங்களே அந்தத் தோலைத் தொட்டுப் பார்க்க வேண்டும். பல்பை மேலே தொங்கவிடாதீர்கள். குளிர்ந்து துவண்டு கிடக்கும் முயலுக்குச் சிரிஞ்சில் கூழ் ஊட்டவும் கூடாது. விழுங்கும் பலம் இருக்காது, மூச்சுக்குழாயில் போகும். முதலில் சூடு, பிறகுதான் உணவு. அதுவும் வயிறு அடைபட்டிருக்கவில்லை என்று மருத்துவர் பார்த்துச் சொன்ன பிறகு.

ஒரு சின்ன விஷயம். வீட்டு டிஜிட்டல் தெர்மாமீட்டர்கள் பல 32 செல்சியஸுக்குக் கீழே 'லோ' அல்லது வெறும் 'எல்' என்று காட்டும். ஆசனவாயில் சரியாக வைத்தும் அது வந்தால் கருவி கெட்டுவிட்டது என்று பேட்டரி மாற்றிக்கொண்டு உட்காராதீர்கள்.

காலையில் வீட்டில் பார்த்தபோது 102.6. மதியம் ஆட்டோவில் நாகர்கோவில் கொண்டுபோய் மருத்துவமனையில் பார்த்தால் 104.5. எது சரி?
— வாசகர், இரணியல்

இரண்டுமே சரி. மதியம் பார்த்த எண்ணில் வெயிலும் பயமும் கூடிக் கலந்திருக்கிறது.

சிறு பிராணிகளுக்குப் பயம் வந்தால் உடம்பு உண்மையாகவே சூடேறும். எலி வகைகளில், கையால் எடுத்த 10, 15 நிமிடத்துக்குள் சுமார் 1 டிகிரி செல்சியஸ் வரை ஏறுவது நன்றாகத் தெரிந்த விஷயம். அதனால்தான் சூடு பார்ப்பதை எப்போதும் முதல் வேலையாக வைக்க வேண்டும். பல் பார்த்து, நகம் வெட்டி, வயிற்றைத் தடவி, கடைசியில் தெர்மாமீட்டர் வைத்தால் அந்தப் போராட்டத்தின் சூட்டைத்தான் அளக்கிறீர்கள். கூண்டிலிருந்து எடுத்த ஓரிரு நிமிடத்துக்குள் வந்த எண்ணே அதிகம் நம்பத் தக்கது. சந்தேகமாக இருக்கிறதென்று உடனே மறுபடி வைப்பதில் பயன் இல்லை, இரண்டாவது எண் கூடியேதான் வரும். இருட்டான, சத்தமில்லாத இடத்தில் அரை மணி நேரம் விட்டு, பிறகு பாருங்கள்.

உடம்பு நன்றாக இருக்கும்போது 3 வெவ்வேறு நாள், ஒரே நேரத்தில், வெயில் ஏறும் முன் பார்த்துக் குறித்து வைத்திருந்தால் உங்கள் முயலின் இயல்பு எண் தெரியும். 103.5 ஒரு முயலுக்கு வழக்கம், இன்னொன்றுக்கு ஏற்றம். புத்தக அளவுக்குள் இருக்கிறதா என்பதைவிட, அதன் வழக்கத்திலிருந்து எவ்வளவு விலகியிருக்கிறது என்பது மருத்துவருக்கு அதிகம் சொல்லும்.

குளச்சலில் கடற்கரையோரம் வீடு, மேலே தகர ஷீட். 4 கினிப்பன்றிகள். சென்ற வாரம் ஒன்று வாயில் எச்சில் வடிய, கால் பரப்பிக் கிடந்தது. அக்குளில் வைத்துப் பார்த்ததில் 102 இருந்தது. அது சரியான அளவா?
— வாசகி, குளச்சல்

அக்குள் அளவு எப்போதும் குறைவாகவே காட்டும், எவ்வளவு குறைவு என்பதும் ஒவ்வொரு தடவை மாறும். இவ்வளவு சேர்த்துக்கொள்ளலாம் என்று ஒரு நிலையான கணக்கு கிடையாது. கினிப்பன்றியின் இயல்பான உள்சூடு 99 முதல் 103.1 ஃபாரன்ஹீட். அக்குளிலேயே 102 என்றால் உள்ளே அதைவிடக் கூடுதலாக இருந்திருக்கும். நீங்கள் சொல்லும் எச்சிலும் கிடப்பும் வெப்பத் தாக்குதலின் அடையாளம். எண்ணே பார்க்காமல் குளிர்விக்கத் தொடங்கியிருக்கலாம்.

கினிப்பன்றி 18 முதல் 24 டிகிரி செல்சியஸில் சுகமாக இருக்கும் பிராணி. தென்னமெரிக்காவின் ஆண்டிஸ் மலைப்பக்கத்தில் உருவான இனம். நம் கடற்கரையில் நிழலில் 32 டிகிரி என்றால் அதோடு காற்றின் ஈரமும் சேர்ந்துகொள்கிறது, ஈரக்காற்றில் தண்ணீர் தெளித்தாலும் சீக்கிரம் ஆவியாகாது. அதனால் நனைப்பதோடு ஃபேனும் ஓட வேண்டும். காதும் பாதமும் வயிற்றுப் பக்கமும் சாதாரணத் தண்ணீரால் நனையட்டும். ஐஸ் தண்ணீர் வேண்டாம், தோலின் ரத்தக்குழாய் சுருங்கி உள்சூடு வெளியே வர வழி அடைபடும். இந்த ஒரு சூழலில் மட்டும் பயத்தைப் பார்க்காமல் 10 நிமிடத்துக்கு ஒரு முறை ஆசனவாயில் சூடு பார்க்கலாம், ஏனென்றால் எங்கே நிறுத்த வேண்டும் என்று தெரிய வேண்டும். 102.5 வந்ததும் நனைப்பதை நிறுத்தித் துடைத்துவிடுங்கள். முயலுக்கு 103. நிறுத்தாமல் நனைத்தால் சூடு இறங்கிக்கொண்டே போய்க் குளிர்ந்துவிடும். எழுந்து நடந்தாலும் அன்றே மருத்துவரிடம் காட்டுங்கள், உள்ளுறுப்புப் பாதிப்பு அடுத்த நாள்தான் வெளியே தெரியும்.

வைக்கும் முறை முயலுக்குச் சொன்னதுதான், ஆழம் மட்டும் 1 முதல் 1.5 செ.மீ. வயதான ஆண் கினிப்பன்றிக்கு ஆசனவாயை ஒட்டி ஒரு பை போன்ற மடிப்பில் எச்சமும் பிசுக்கும் சேர்ந்திருக்கும். அதை வெதுவெதுப்பான தண்ணீர்ப் பஞ்சால் துடைத்த பிறகே வையுங்கள், இல்லையென்றால் முனை அந்த மடிப்புக்குள் போய் நிற்கும்.

இதைவிட முக்கியமானது கூரை. அகச்சிவப்புக் கருவியால் மதியம் 2 மணிக்குத் தகரத்தின் அடிப்பக்கத்தை அளந்து பாருங்கள். அந்தச் சூடு நேராகக் கூண்டின் மேல்தான் இறங்குகிறது. ஷீட்டின் மேல் தென்னோலை முடைந்து போடுங்கள், கூண்டைத் தரைக்கு இறக்குங்கள், தண்ணீர் பாட்டிலை உறையவைத்துத் துணி சுற்றி உள்ளே ஒரு மூலையில் வையுங்கள். 4 உருப்படிக்கு 2 பாட்டிலாவது வேண்டும், ஒன்றுக்கு அடித்துக்கொள்ளும்.

ஹாம்ஸ்டர் அசையாமல் சுருண்டு, தொட்டால் சில்லென்று இருந்தது. இணையத்தில் பார்த்தால் குளிர்உறக்கம், தானாக எழுந்துவிடும் என்கிறார்கள். காத்திருக்கலாமா?
— கல்லூரி மாணவர், நாகர்கோவில்

காத்திருக்க வேண்டாம். சிரியன் ஹாம்ஸ்டர் குளிர்உறக்கத்துக்குப் போக, சுற்றுச் சூடு 8 டிகிரி செல்சியஸுக்குக் கீழே இறங்கி, பல நாள் அப்படியே நீடிக்க வேண்டும். நாகர்கோவிலில் மார்கழி விடியலில்கூட அந்தக் குளிர் வராது. ஏசி அறையிலும் வராது. குளிர்நாட்டுக்காரர்கள் தங்கள் வீட்டுக்கு எழுதிய குறிப்பு அது. நம் ஊரில் ஹாம்ஸ்டர் சில்லென்று கிடந்தால் அது நோயில், பட்டினியில், அல்லது நீர்வற்றிக் கிடக்கிறது. கைச்சூட்டில் வைத்துக்கொண்டு மருத்துவரிடம் போங்கள்.

அதற்கு வீட்டில் தெர்மாமீட்டர் வைக்காதீர்கள். 100, 150 கிராம் உடம்புக்கு மனிதத் தெர்மாமீட்டரின் முனை பெரியது. மருத்துவரிடம் நூல் போன்ற மெல்லிய முனை உண்டு. வெள்ளை எலிக்கும் சுகர் கிளைடருக்கும் இதே பதில்தான். நீங்கள் வீட்டில் எடுக்க வேண்டிய அளவு எடை. ஒரு கிராம்வரை காட்டும் சமையலறைத் தராசில் ஒரு டப்பாவை வைத்து எண்ணைப் பூஜ்யமாக்கி, ஒரு சூரியகாந்தி விதையை உள்ளே போட்டால் ஹாம்ஸ்டர் தானே ஏறும். யாரும் பிடிக்க வேண்டியதில்லை. வாரம் 2 முறை குறித்து வாருங்கள். 10 சதவீதம் குறைந்தால், 120 கிராம் 108 ஆனால், சூடு எத்தனை என்று தெரியாமலே நோய் என்று முடிவு கட்டலாம்.

லவ் பேர்ட்ஸ் ஒன்று ரோமம் உப்பிக் கூண்டின் தரையில் உட்கார்ந்திருக்கிறது. உடம்பு நல்ல சூடாக இருக்கிறது. காய்ச்சலா?
— வாசகி, கருங்கல்

பறவையின் இயல்பான சூடே 40 முதல் 42 டிகிரி செல்சியஸ். நம் கைக்கு எப்போதும் சுடத்தான் செய்யும். 30, 40 கிராம் பறவைக்கு எந்த வழியிலும் வீட்டில் சூடு பார்க்கக் கூடாது. பறவைக்கு நம்மைப் போல உதரவிதானம் கிடையாது, நெஞ்செலும்பு முன்னும் பின்னும் அசைந்தால்தான் மூச்சு வரும். இறுக்கிப் பிடித்த கைக்குள் அது சத்தமில்லாமல் மூச்சுமுட்டிச் சாகும்.

உப்பியிருப்பது சூட்டை விடாமல் பிடித்துக்கொள்ளப் பார்ப்பது. அதாவது அதற்குக் குளிர்கிறது. வெப்பத்தில் தவிக்கும் பறவை நேர்மாறாக இருக்கும்: இறகு உடம்போடு ஒட்டி, சிறகுகள் உடம்பை விட்டு விலகி, அலகு திறந்து இரைக்கும். இந்த இரண்டையும் மாற்றிப் புரிந்துகொண்டு, உப்பிய பறவைக்கு ஃபேன் போட்டுவிடுகிறவர்கள் நிறையப் பேர்.

சின்னக் கூண்டையோ அட்டைப்பெட்டியையோ எடுத்து, ஒரு பாதியில் மட்டும் 40 வாட் குண்டு பல்பின் சூடு விழும்படி, பறவை தொட முடியாத தூரத்தில் வையுங்கள். எல்இடி பல்பு சூடு தராது. பறவை உட்காரும் உயரத்தில் ஒரு தெர்மாமீட்டரைக் கட்டி, 29 முதல் 32 டிகிரி செல்சியஸ் இருக்கும்படி பல்பைத் தள்ளியோ நெருக்கியோ சரிசெய்யுங்கள். உங்கள் பக்கத்தில் பகலில் பல்பே தேவைப்படாது, இரவில்தான் வேண்டும். தினையும் தண்ணீரும் எட்டும் இடத்தில் இருக்கட்டும். மூச்சு விடும்போது வால் மேலும் கீழும் ஆடினால் மறுநாள் வரை வைத்திருக்காதீர்கள்.

இதே கடிதத்தில் வீட்டில் பச்சைக்கிளியும் இருப்பதாக எழுதியிருக்கிறீர்கள். நம் நாட்டுப் பச்சைக்கிளியைக் கூண்டில் வளர்ப்பது வன உயிரினப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம். நட்சத்திர ஆமைக்கும் அதுவேதான். வனத்துறையிடம் ஒப்படைப்பதே வழி.

மீன்தொட்டிக் கடையில் வாங்கிய சிவப்புக்காது ஆமை. உடம்பு சில்லென்று இருக்கிறது.
— 8-ஆம் வகுப்பு மாணவி, அருமனை

அப்படித்தான் இருக்கும், பயப்படாதே. ஆமைக்குத் தனக்கென்று நிலையான உடம்புச் சூடு கிடையாது, தண்ணீரின் சூடுதான் அதன் சூடு. அதனால் ஆமையை அளக்காதே, தொட்டியை அள. தண்ணீருக்குள் வயர் போட்ட மீன்தொட்டித் தெர்மாமீட்டர் 24 முதல் 27 டிகிரி செல்சியஸ் காட்ட வேண்டும். ஏறி உட்காரும் கல்லின் மேல் 30 முதல் 32. வெயிலில் வைக்கும்போது தொட்டியில் பாதிக்கு நிழல் இருக்கட்டும், கண்ணாடித் தொட்டி சீக்கிரம் கொதித்துப்போகும். தொட்ட பிறகு சோப்புப் போட்டுக் கை கழுவு, அதன் உடம்பில் சால்மோனெல்லா கிருமி இருக்கலாம். வளர்ந்து பெரிதானாலும் குளத்தில் விடாதே. அது நம் குளத்து ஆமைகளின் இடத்தைப் பிடித்துக்கொள்ளும்.

தோலுக்கடியில் சிப் வைத்தால், தொடாமலே சூடு பார்க்கலாம் என்கிறார்களே? எங்கள் முயலுக்கு வைக்கலாமா? நாங்கள் இருப்பது பேச்சிப்பாறைப் பக்கம், மருத்துவரிடம் போக வர ஒரு நாள் ஆகிறது.
— ரப்பர் தோட்டத் தொழிலாளி

அப்படி ஒரு சிப் இருக்கிறது. அரிசியைவிடச் சற்றுப் பெரிய, சுமார் 12 மி.மீ. நீளமும் 2 மி.மீ. தடிமனும் உள்ள கண்ணாடிக் குப்பி. பேட்டரி இல்லை, ரீடரை அருகே கொண்டுபோனால் அதன் அலையில் உயிர்பெற்று 15 இலக்க எண்ணைச் சொல்லும். சாதாரணச் சிப் எண்ணை மட்டும்தான் சொல்லும். சூட்டையும் சேர்த்துச் சொல்வது தனி வகை, அதைப் படிக்கிற ரீடரும் தனி. வாங்கும்போது இரண்டையும் கேட்டுவிடுங்கள்.

பிடிக்காமல், பயமுறுத்தாமல், தின்றுகொண்டிருக்கும்போதே ஒரு நாளில் பல தடவை பார்க்கலாம் என்பது பெரிய வசதி, நாள்பட்ட நோயுள்ள பிராணிக்கு அது நல்லது. ஆனால் அது சொல்வது தோளுக்கு நடுவே தோலடிச் சூடு. ஆசனவாய் அளவோடு அது ஒத்துப்போகாது. வெயிலில் உட்கார்ந்து எழுந்தாலோ வெந்நீர் பாட்டில் பக்கத்தில் இருந்தாலோ ஏறிக் காட்டும். வைத்த பிறகு 3 தடவையாவது இரண்டு முறையிலும் பார்த்து, உங்கள் முயலுக்கு எவ்வளவு வித்தியாசம் என்று எழுதி வைத்துக்கொள்ள வேண்டும். ஊசி பெரியது என்பதால் 2 கிலோ முயலுக்கு வைக்கலாம், கினிப்பன்றிக்கு மருத்துவர் பார்த்து முடிவு செய்யட்டும். எப்போதோ ஒரு தடவை நோய் வரும் முயலுக்கு இந்தச் செலவு தேவையில்லை என்பதே எங்கள் கருத்து.

உங்கள் நிலையில் பயணத்தைச் சரிசெய்வதுதான் அதிகம் உதவும். வெயில் ஏறும் முன், முதல் பஸ்ஸில் கிளம்புங்கள். பெரிய மருத்துவமனை வேண்டுமென்றால் திருநெல்வேலி இராமையன்பட்டியில் உள்ள கால்நடை மருத்துவக் கல்லூரிதான், நாகர்கோவிலிலிருந்தே 80 கி.மீ.க்கு மேல். காற்றுப் போகும் பனையோலைக் கடவத்தின் அடியில் பழைய சாக்கு விரித்து, கூடவே இருக்கும் இன்னொரு முயலையும் சேர்த்து வையுங்கள். பழகிய துணை இருந்தால் பதற்றம் குறையும். மேலே துணி போட்டு மூடுங்கள், காற்றுக்கு இரண்டு பக்கம் திறந்திருக்கட்டும். வீட்டில் எடுத்த சூடு, எடுத்த நேரம், எந்த இடத்தில் எவ்வளவு ஆழம் வைத்தது, கடைசியாகத் தின்றது எப்போது, கடைசிப் புழுக்கை எப்போது, எடை எவ்வளவு என்று ஒரு தாளில் எழுதி, உள்ளே போனதும் முதலில் அந்தத் தாளை நீட்டுங்கள். காலைப் புழுக்கை கொஞ்சம் ஒரு தாளில் மடித்து எடுத்துப் போங்கள்.